வேலூர்ல உக்காந்துகினே கணக்கு போடலாம்: புயல் காத்து கடல்ல இருந்து எவ்ளோ சூடு எடுக்குது, கடலை எவ்ளோ தள்ளுது

போன நவம்பர்ல என் அக்கா பையன் கேட்டான், "மாமா, புயலுக்கு சாப்பாடே கடல் சூடு தான்னு சொல்றாங்களே, எவ்ளோ சூடுன்னு நம்மளால கணக்கு போட முடியுமா?"ன்னு. பக்கத்துல இருந்த எங்க ஆயா, வேலூருக்கும் கடலுக்கும் இன்னா சம்பந்தம்னு கேட்டுச்சு. 2021 நவம்பர் 19ஆம் தேதி விடிகாலைல பாண்டிச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவுல ஒரு காத்தழுத்த தாழ்வு மண்டலம் கரையை கடந்துச்சு இல்ல, அன்னிக்கு பாலாத்துல ரெண்டு கரையும் தொட்டு தண்ணி ஓடுனத பாத்தவங்களுக்கு அந்த சம்பந்தம் தெரியும். வருஷம் பூரா மணலா கெடக்குற ஆத்துல அன்னிக்கு ஓடுன தண்ணில பெரும்பங்கு கொஞ்ச நாளைக்கு முன்னாடி வங்காள விரிகுடா மேல ஆவியா கெளம்புனது தான்.

பையனுக்கு எக்ஸெல்ல போட்டுக் காட்டுனத அப்படியே இங்க எழுதுறேன். பிளஸ் டூ பிசிக்ஸ் ஞாபகம் இருந்தா போதும்.

முதல்ல விஷயம் கண்ணுக்கு தெரியணும். சாயங்காலம் கோட்டை அகழி ஓரமா போய் நில்லுங்க. காத்து அடங்கி இருக்கும்போது கோட்டை மதில் தண்ணில அப்படியே தெரியும். ஒரு வீச்சு வந்தா தண்ணி மேல கறுப்பா ஒரு திட்டு கெளம்பி அந்தப் பக்கம் ஓடும். குனிஞ்சு கிட்ட பாருங்க, அந்த கறுப்பு முழுக்க விரல் அகலம் கூட இல்லாத குட்டி குட்டி சுருக்கம். அந்த சுருக்கத்த புடிச்சுகினு தான் காத்து தண்ணிய தள்ளுது, தள்ளுன அளவுக்கு காத்தோட வேகம் கொறையுது, காத்து இழந்த உந்தம் தண்ணிக்கு போவுது. அகழில அது பெரிய அலையா வளராது, ஏன்னா காத்து தண்ணி மேல ஓடுற தூரமே கம்மி. கடல்ல அந்த தூரம் நூத்துக்கணக்கான கிலோமீட்டர்.

சூடு விஷயத்துக்கு மொட்டை மாடி போதும். ஈர வேட்டிய கொடில போட்டா சீக்கிரம் காயறதுக்கு ரெண்டு விஷயம் வேணும், காத்து அடிக்கணும், அந்த காத்து காஞ்ச காத்தா இருக்கணும். கத்திரி வெயில்ல அரை மணி நேரத்துல காயுற வேட்டி ஐப்பசி மாசம் எவ்ளோ காத்து அடிச்சாலும் சாயங்காலம் வரைக்கும் சிலுசிலுன்னே இருக்கும். காத்தோட வேகத்த ஈரத்தோட வித்தியாசத்தால பெருக்கு, அவ்ளோதான், கடலுக்கும் இதே கணக்கு தான், நடுவுல ஒரு கெழு வரும், அதாவது அளந்து கண்டுபுடிச்ச ஒரு பெருக்கு எண், அது பின்னாடி சொல்றேன்.

சரி, என்னென்ன எண் வேணும். காத்து வேகம், கடல் மேல்பரப்பு வெப்பம், காத்தோட வெப்பம், காத்துல இருக்குற ஈரம், காத்தழுத்தம். எங்க கெடைக்கும்னா, வங்காள விரிகுடால 90 டிகிரி கிழக்கு தீர்க்கரேகைல ராமான்னு பேரு வெச்ச, கடல்ல மிதந்துகினே காத்தையும் வெப்பத்தையும் அளக்குற மிதவைங்க வரிசையா நிக்குது, டேட்டா இலவசம். ஐரோப்பாக்காரங்க பழைய வானிலைய கம்ப்யூட்டர்ல திரும்ப கட்டி வெச்சுருக்குற ஈஆர்ஏ5 டேட்டாவும் இலவசம் தான், 1940ல இருந்து மணிக்கு ஒரு கணக்கா இருக்கு, ஆனா அதோட கட்டம் ஒண்ணு கிட்டத்தட்ட 31 கிலோமீட்டர், புயலோட கண்ணு பக்கத்துல இருக்குற உச்ச காத்து அதுல கம்மியா தான் தெரியும். புயலோட ஓரத்துக்கு அத நம்பலாம், நடுவுக்கு நம்பாதீங்க.

காத்து வேகத்துல தான் பெருசா தப்பு வரும், அதனால இங்க நிதானமா போங்க. நான் மொதல் தடவை போட்டப்போ கிலோமீட்டர் கணக்குல இருந்தத அப்படியே போட்டுட்டேன், 72ன்னு. அது செகண்டுக்கு 20 மீட்டர் தான், 3.6ஆல வகுக்கணும். கணக்குல வேகம் வர்க்கமா வர்றதால விடை 13 மடங்குக்கு மேல ஏறிப்போச்சு, அத ரெண்டு நாள் கண்டுபுடிக்காம வேற வேற எடத்துல தேடிகினு இருந்தேன். வேகம் நாட் (knot) கணக்குல இருந்தா 0.514ஆல பெருக்குங்க.

அடுத்து உயரம். ஃபார்முலா எல்லாமே 10 மீட்டர் உயர காத்துக்கு எழுதுனது, ராமா மிதவைல காத்து மானி 4 மீட்டர்ல இருக்கு. மேல போகப் போக காத்து வேகம் லாகரிதம் கணக்குல ஏறும். கடல் மேல்பரப்பு காத்துக்கு எவ்ளோ சொரசொரப்பா இருக்குன்றத காட்டுற அளவுக்கு சொரசொரப்பு நீளம்னு பேரு, பலத்த காத்துல அது 1 மில்லிமீட்டர் பக்கம் வரும், இத கண்டுபுடிக்கறதுக்கு 1955ல சார்நாக் குடுத்த ஃபார்முலா இன்னிக்கும் ஓடிகினு இருக்கு. 1 மில்லிமீட்டர்னு வெச்சுகிட்டா 10 மீட்டர் ÷ 0.001 மீட்டர், அதோட இயற்கை லாகரிதம் 9.21. 4 மீட்டர் ÷ 0.001 மீட்டர், அதுக்கு 8.29. ஒண்ணை ஒண்ணு வகுத்தா 1.11. மிதவைல 18 காட்டுனா 10 மீட்டர்ல 20. இந்த 11 சதவீதத்த விட்டீங்கன்னா விசைல 20 சதவீதத்துக்கு மேல போயிரும்.

மூணாவது சராசரி. நம்ம வானிலைத்துறை 3 நிமிஷ சராசரி குடுக்கும், அமெரிக்காக்காரங்க 1 நிமிஷம், நம்ம கணக்குக்கு வேண்டியது 10 நிமிஷ கணக்குல வர்ற காத்து. கடல் மேல 1 நிமிஷ அளவ 0.93ஆல பெருக்குனா 10 நிமிஷத்துக்கு கிட்ட வந்துரும். செய்தில ஒரே புயலுக்கு ரெண்டு வேகம் சொல்றாங்களே, அதுல ஒரு காரணம் இது.

இப்ப தள்ளுற விசை. ஒரு சதுர மீட்டர் கடல் மேல காத்து எவ்ளோ தள்ளுதுன்னா:

விசை = காத்தோட அடர்த்தி × டிராக் கெழு × வேகம் × வேகம்

அடர்த்தி 1.15 போடுங்க, ஈரமான வெப்பமண்டல காத்துக்கு சரியா இருக்கும். டிராக் கெழு, அதாவது கடல் காத்த எவ்ளோ புடிச்சு இழுக்குதுன்ற எண், அது தான் இந்த கதையோட ஹீரோ. 1981ல லார்ஜ், பாண்ட் ரெண்டு பேரும் கடல்ல அளந்து சொன்னது, 4ல இருந்து 11 மீட்டர்/செகண்ட் வரைக்கும் 0.0012, 11ல இருந்து 25 வரைக்கும் வேகத்த 0.065ஆல பெருக்கி 0.49 கூட்டி ஆயிரத்தால வகுக்கணும். 10 மீட்டர்/செகண்ட் காத்துக்கு விசை 0.14 நியூட்டன் வருது. 20க்கு கெழு 0.00179, விசை 0.82 நியூட்டன். வேகம் ரெண்டு மடங்கு, விசை ஆறு மடங்கு. வர்க்கம்னா நாலு தானே வரணும், மீதி எங்க இருந்து வந்துச்சுன்னா காத்து ஏற ஏற அலை எழும்பி கடலே சொரசொரப்பா ஆவுது, பிடிமானம் ஜாஸ்தியாவுது. 0.82 நியூட்டன்னா ஒரு சதுர மீட்டர் மேல ரெண்டு எலுமிச்சம்பழம் எடை அளவுக்கு பக்கவாட்டுல இழுக்குற மாதிரி. கேக்க ஒண்ணும் இல்லாத மாதிரி தான் இருக்கும், ஆனா அது நூத்துக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு, நாள் கணக்குல, நிக்காம இழுக்குது, கரைல கடல் மட்டம் ஏறி ஊருக்குள்ள வர்றது இந்த எலுமிச்சம்பழ இழுவையால தான்.

இப்ப 20ஐ 40 ஆக்குங்க. அதே கோட்ட நீட்டி 40க்கு கெழு போட்டா 0.0031, விசை 5.7 நியூட்டன் வரும். இங்க தான் நெறைய பேர் தடுக்கி விழுறாங்க. அந்த கோடு 25க்கு மேல அளந்து போட்ட கோடு கெடையாது. ரொம்ப நாள் எல்லாருமே வேற வழி இல்லாம அத நீட்டிகினு தான் இருந்தாங்க, ஏன்னா 40 மீட்டர்/செகண்ட் காத்துல கப்பல நிறுத்தி அளக்க யாரால முடியும். அப்புறம் விமானத்துல இருந்து குட்டி பாராசூட்ல ஜிபிஎஸ் கருவிய புயலுக்குள்ள போட ஆரம்பிச்சாங்க, டிராப்சோண்டுன்னு பேரு, அது விழுந்துகினே ஒவ்வொரு உயரத்துலயும் காத்து வேகத்த அனுப்பும். நூத்துக்கணக்கான டிராப்சோண்ட் டேட்டாவ சேத்து வெச்சு 2003ல பவல் குழு சொன்னது, 33 மீட்டர்/செகண்ட் பக்கத்துல டிராக் கெழு ஏறுறத நிறுத்திருது, அதுக்கு மேல கொறையக்கூட செய்யுதுன்னு. அடுத்த வருஷமே டோனலன் குழு மியாமில ஒரு அலைத்தொட்டில ஃபேன் காத்த ஏத்தி அளந்து பாத்தாங்க, அதே 33 பக்கத்துல 0.0025 கிட்ட நின்னுருச்சு.

ஏன் நிக்குதுன்னா, அந்த வேகத்துல அலையோட கொண்டை பிய்ஞ்சு போவுது, கடல் மேல வெள்ளையா நுரை படருது, தண்ணி திவலையா காத்துல கலந்து பறக்குது. காத்து பள்ளத்த தொடாம கொண்டைக்கு கொண்டை தாவிப் போவுதுன்னும் சொல்றாங்க. இதுல எதுக்கு எவ்ளோ பங்குன்னு இன்னும் ஆராய்ச்சி நடந்துகினு தான் இருக்கு. நம்ம கணக்குக்கு வேண்டியது ஒண்ணு தான், 33க்கு மேல கெழுவ பூட்டிருங்க. எக்ஸெல்ல ஒரு மினிமம் ஃபங்ஷன் போதும். 0.0025ன்னு பூட்டுனா 40க்கு 4.6 நியூட்டன், 0.0020ன்னு பூட்டுனா 3.7. ரெண்டையும் போட்டு ரெண்டு விடையா எழுதுங்க, ஒரே விடையா எழுதுறதுக்கு இங்க யாருக்கும் தைரியம் வரக்கூடாது.

அடுத்து சூடு. இது ரெண்டு வழியா போவுது. கடல் சூடு, காத்து கொஞ்சம் குளிர்ச்சி, தொட்டு போற சூடு ஒண்ணு. தண்ணி ஆவியாகி தன்னோட மறைவெப்பத்த தூக்கிகினு போறது இன்னொண்ணு. மண்பானை தண்ணி ஜில்லுனு இருக்குதே, அது ரெண்டாவது வழி. புயல்ல பெரிய பங்கு ரெண்டாவதுக்கு தான்.

தொடு சூடு = அடர்த்தி × 1004 × சூட்டு கெழு × வேகம் × (கடல் வெப்பம் − காத்து வெப்பம்)
மறைவெப்பம் = அடர்த்தி × 24.3 லட்சம் × ஈர கெழு × வேகம் × (கடல் மேல் ஈரம் − காத்து ஈரம்)

1004ன்றது ஒரு கிலோ காத்த ஒரு டிகிரி சூடாக்க வேண்டிய ஜூல், 24.3 லட்சம்ன்றது ஒரு கிலோ தண்ணி ஆவியாக வேண்டிய ஜூல். ஈரம்னா ஒரு கிலோ காத்துல எத்தினி கிலோ நீராவின்ற அளவு, ரிலேட்டிவ் ஹியூமிடிட்டி சதவீதத்த அப்படியே போட்டுராதீங்க. மொதல்ல பூரித ஆவி அழுத்தம்: 6.112 × எக்ஸ்ப்(17.67 × வெப்பம் ÷ (வெப்பம் + 243.5)), விடை ஹெக்டோபாஸ்கல்ல வரும். கடலுக்கு அத 0.98ஆல பெருக்கணும், உப்பு தண்ணி நல்ல தண்ணிய விட 2 சதவீதம் கம்மியா தான் ஆவி விடும், இத விட்டவங்க நெறைய பேர். காத்துக்கு ஹியூமிடிட்டியால பெருக்கணும், 80 சதவீதம்னா 0.80. அப்புறம் 0.622 × ஆவி அழுத்தம் ÷ (காத்தழுத்தம் − 0.378 × ஆவி அழுத்தம்).

போட்டுப் பாக்கலாம். நவம்பர் மாச வங்கக்கடலுக்கு பொருந்துற மாதிரி கடல் 28.5 டிகிரி, காத்து 27 டிகிரி, ஹியூமிடிட்டி 80, அழுத்தம் 1000, காத்து 20 மீட்டர்/செகண்ட்னு நானா எடுத்துகினேன். கடல் மேல் ஈரம் கிலோவுக்கு 24.1 கிராம், காத்துல 17.9 கிராம், வித்தியாசம் 6 கிராம் சொச்சம். ரெண்டு கெழுவும் 0.0012. மறைவெப்பம் ஒரு சதுர மீட்டருக்கு 410 வாட், தொடு சூடு 42 வாட். மொத்தம் 450 வாட், வீட்ல ஓடுற ஆறு சீலிங் ஃபேன் இழுக்குற கரண்ட், கடலோட ஒவ்வொரு சதுர மீட்டர்ல இருந்தும். அந்த 410 வாட்ட தண்ணியா மாத்துனா ஒரு நாளைக்கு 14 மில்லிமீட்டருக்கு மேல கடல் ஆவியாவுது. பையன் இத பாத்துட்டு ரொம்ப நேரம் எதுவும் பேசல. பாலாத்து தண்ணிக்கு கணக்கு இப்படித்தான் ஆரம்பிக்குது.

இங்க கவனிங்க, டிராக் கெழு காத்தோட ஏறுது, ஆனா சூட்டு கெழுவ நான் ஏத்தவே இல்ல. காரணம் இருக்கு. உந்தம் போறதுக்கு அலை ஒரு சுவரு மாதிரி குறுக்க நிக்குது, காத்து அத மோதி அழுத்தம் குடுத்து தள்ளலாம். சூட்டுக்கும் ஆவிக்கும் மோதறதுன்ற வழியே கெடையாது, தண்ணிய ஒட்டி இருக்குற மெல்லிசான காத்து படலத்த மூலக்கூறு மூலக்கூறா தாண்டித்தான் போயாகணும். அலை பெருசானாலும் அந்த படலம் வழிய மறிச்சுகினு தான் இருக்கும். 2003ல சிபிளாஸ்ட்னு ஒரு திட்டத்துல ஃபேபியன், இசபெல் ரெண்டு புயலுக்குள்ளயும் விமானத்த கடலுக்கு ரொம்ப கிட்ட தாழ ஓட்டி நேரடியா அளந்தாங்க, 30 மீட்டர்/செகண்ட் வரைக்கும் சூட்டு கெழு காத்தோட ஏறுனதா தெரியல.

இது ஏன் முக்கியம்னா, சூடு தான் புயலுக்கு வரவு, டிராக் தான் செலவு. புயல் ஆராய்ச்சி பண்ற கெர்ரி இமானுவல் 1995ல காட்டுனது, புயல் எட்டக்கூடிய உச்ச வேகம் சூட்டு கெழுவ டிராக் கெழுவால வகுத்து வர்ற எண்ணோட வர்க்கமூலத்த பொறுத்து இருக்கும்னு, அந்த எண் 0.75க்கு கீழ போனா நெசத்துல நாம பாக்குற பெரிய புயல் வராதுன்னும் சொன்னாரு. நம்ம 20 மீட்டர்/செகண்டுக்கு 1.2 ÷ 1.79 போட்டுப் பாருங்க, 0.67. டிராக் ஏறிகினே போயிருந்தா இது இன்னும் கொறஞ்சுகினே போயிருக்கும். 33ல டிராக் நின்னுர்றது புயலுக்கு எவ்ளோ பெரிய சலுகைன்னு இப்ப புரியும். திவலைங்களும் இதுல சேரும், பறக்குற துளி கொஞ்சமா ஆவியாகி குளிர்ந்து திரும்ப கடல்லயே விழுந்தா அது இழந்த சூடு காத்துக்கு லாபம், முழுசா ஆவியாகிட்டா காத்துகிட்டயே சூட்ட வாங்கி ஆவியா திருப்பி குடுத்த கணக்கு தான், லாபம் ஒண்ணும் இல்ல. இதுக்கு ஒத்துகிட்ட எண் கெடையாது, அதனால நம்ம ஷீட்ல சேக்காதீங்க.

கடல் வெப்பத்த மட்டும் ரொம்ப பத்திரமா எடுங்க. அதே கணக்குல கடல் 28.5க்கு பதிலா 27.5 போடுங்க. மறைவெப்பம் 410ல இருந்து 320 பக்கம் விழும், தொடு சூடு 42ல இருந்து 14. ஒரே ஒரு டிகிரிக்கு மொத்தத்துல கால் பங்குக்கு மேல காணாம போச்சு. புயல் கடல கலக்கி அடில இருக்குற குளிர் தண்ணிய மேல கொண்டாந்து தன் சோத்துல தானே மண்ணள்ளி போட்டுக்கும், அதனால புயலுக்கு முந்தின வார வெப்பத்த புயல் அன்னிக்கு போடக்கூடாது. வங்காள விரிகுடால ஒரு விசேஷம், கங்கை, பிரம்மபுத்திரா, மழை தண்ணி எல்லாம் சேந்து மேல ஒரு லேசான நல்ல தண்ணி படலம் மிதக்கும், மழைக்காலம் முடிஞ்ச கையோட அது கலக்க விடாம தடுக்கும், வடக்கு பக்கம் குளிர்றது கம்மியா இருக்கறதுக்கு அது ஒரு காரணம்.

சராசரி விஷயத்துல இன்னொரு குழி இருக்கு. பாதி நேரம் 10, பாதி நேரம் 24 மீட்டர்/செகண்ட் அடிச்சா சராசரி 17, அதுக்கு விசை 0.53 நியூட்டன். ஆனா தனித்தனியா போட்டு அப்புறம் சராசரி எடுத்தா 0.75. மணிக்கு மணி கணக்கு போட்டுட்டு கடைசில சராசரி எடுங்க. புயல் மிதவைய தாண்டும்போது காத்து திசையே திரும்பிரும், கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்கு கூறுகள தனித்தனியா சராசரி எடுத்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சு பூஜ்யத்துகிட்ட வந்து நிக்கும், அது புயலே வராத மாதிரி. வேகத்த மொதல்ல கண்டுபுடிச்சுருங்க.

காத்து 5 மீட்டர்/செகண்டுக்கு கீழ இருந்தா இந்த ஷீட்ட நம்பாதீங்க, அங்க காத்து அடுக்கோட நிலைத்தன்மை திருத்தம் பெருசு, 2003ல வந்த கோர் 3.0 மாதிரி முழு நிரல் வேணும். பலத்த காத்துல கலக்கல் அதிகம்ன்றதால அந்த திருத்தம் சின்னது, விட்டாலும் பரவால்ல.

அதே ஷீட்ல நம்ம ஊரையும் போடலாம். 2020 நிவர் புயல் நவம்பர் 25 ராத்திரி பாண்டிச்சேரிக்கு வடக்க கரையேறுச்சு, உள்ள வர வர வலு கொறஞ்சு போச்சு. கரையேறுன உடனே 410 வாட் வரவு நின்னுரும், தரைக்கு கீழ தொட்டுக்க அவ்ளோ சூடும் இல்ல, தண்ணியும் இல்ல. செலவு பாருங்க, வயலும் மரமும் அங்கங்க வீடுமா இருக்குற எடத்துக்கு சொரசொரப்பு நீளம் 10 சென்டிமீட்டர்னு வெச்சா 10 ÷ 0.1, லாகரிதம் 4.6, 0.4ஐ (வான் கார்மன் மாறிலின்னு பேரு) அதால வகுத்து வர்க்கம் பண்ணா டிராக் கெழு 0.0075. கடல்ல இருந்தத விட நாலு மடங்கு. வரவு நின்னு செலவு நாலு மடங்கு ஆனா எந்த வீடு தாங்கும். வேலூருக்கு காத்து கொறஞ்சு மழையா வந்து சேர்றது இதனால, காத்தோட வேகம் உராய்ஞ்சு தேஞ்சுரும், ஆனா கடல் மேல ஏத்திகினு வந்த ஈரம் மேல அப்படியே தான் இருக்கும், அத ஏலகிரி ஜவ்வாது மலைப் பக்கம் வரைக்கும் இறக்கிகினே போவும்.

கடைசியா உங்க விடைய ஈஆர்ஏ5 குடுக்குற விடையோட ஒப்பிட்டுப் பாருங்க. அதுல மறைவெப்பம் ஒரு மணி நேரத்துக்கு சேத்து வெச்ச ஜூல் கணக்குல இருக்கும், 3600ஆல வகுத்தா தான் வாட் வரும். கீழ் நோக்கி போறது தான் அவங்களுக்கு பிளஸ், அதனால கடல் சூட்ட இழக்கும்போது மைனஸ்ல காட்டும். மைனஸ் 400ன்னு வந்தா பயப்படாதீங்க, உங்க 410உம் அதுவும் ஒண்ணு தான். அக்கா பையன் மைனஸ பாத்துட்டு ஷீட் மொத்தத்தையும் அழிச்சுட்டு திரும்ப போட்டான், ராத்திரி ஒரு மணிக்கு போன் பண்ணி கேட்டப்போ தான் சொன்னேன்.